ரெண்டாவது சாவி

மூன்று வாரத்துக்கு ஒரு முறை ஆபீஸுக்கு லீவு போடுகிறேன். காரணம் என்ற இடத்தில் 'சொந்த வேலை' என்று எழுதுகிறேன். சொந்த வேலை என்பது என் சித்தப்பா. அவரை ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போய், ஒரு ஊசி மருந்து ஏறி முடிகிறவரை பக்கத்தில் உட்கார்ந்திருந்து, திரும்பக் கொண்டுவந்து சித்தியிடம் ஒப்படைத்து, ரசீது வாங்காத குறையாகக் கிளம்பி வருகிற வேலை.

சித்தப்பா முப்பத்து நாலு வருஷம் பேங்க்கில் இருந்தவர். ரிடையர் ஆகும்போது ஹெட் கேஷியர். பன்னீர்ப் புகையிலையைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டே ஒரு கட்டு நோட்டை ஒரே மூச்சில் எண்ணி முடிப்பார். எண்ணிக்கை ஒரு நாளும் தப்பினதில்லை. புகையிலைதான் தப்பாகப் போய்விட்டது. வாயில் புற்று. போன வருஷம் ஆபரேஷன் செய்து பாதி நாக்கை எடுத்தார்கள். சில மாதத்தில் கழுத்தில் மறுபடி தலைகாட்டியது. இப்போது அவர் பேசுவது சித்திக்கு மட்டும்தான் புரியும். மற்றவர்களுக்கு எழுதிக் காட்டுகிறார். எந்தக் காலத்திலோ வீட்டுக்கு வந்துவிட்ட பழைய சலான் கட்டின் முதுகுப் பக்கத்தில். எழுத்து இன்னமும் லெட்ஜர் எழுத்து.

முதல் ஊசியன்று டாக்டர் சொன்னார்: "உங்க உடம்புல சண்டை போடற செல்லுங்களுக்கு இந்தக் கட்டி ப்ரேக் போட்டு வெச்சிருக்கு ஐயா. இந்த மருந்து அந்த ப்ரேக்கை எடுத்துடும்." சொல்லிவிட்டு அடுத்த படுக்கைக்குப் போய்விட்டார்.

சித்தப்பா யோசித்தார். சலானில் எழுதி என்னிடம் நீட்டினார்.

'ப்ரேக் இருக்கட்டும்டா. வண்டி எப்படி ஸ்டார்ட் ஆகுது?'

எனக்குத் தெரியவில்லை. தெரியாது என்று ஒரு ஹெட் கேஷியரிடம் சொல்ல முடியுமோ? கணக்கு டேலி ஆகாத சின்னப் பையனைப் பார்க்கிற மாதிரி பார்ப்பார். அவகாசம் வாங்கிக்கொண்டு படித்தேன். படித்ததை அடுத்தடுத்த ஊசி நாட்களில் அவரிடம் ஒப்பித்தேன். அவர் ஆடிட் பண்ணித் தந்ததைத்தான் இங்கே தருகிறேன்.

* * *

டாக்டர் சொன்ன சண்டைக்கார செல்லுக்கு டி செல் என்று பெயர். ரத்த வெள்ளையணுக்களில் ஒரு வகை. எலும்பு மஜ்ஜையில் பிறந்து, நெஞ்செலும்புக்குப் பின்னால் இருக்கும் தைமஸ் என்கிற சுரப்பியில் படித்துத் தேறி வெளியே வருவது. அந்தச் சுரப்பியின் ஆங்கில முதலெழுத்துதான் 'டி'. தைமஸ் எதற்கு இருக்கிறது என்று 1961 வரை யாருக்கும் சரியாகத் தெரியாது. செத்துப்போன வெள்ளையணுக்களின் சுடுகாடு என்றுகூட நினைத்தார்கள். லண்டனில் ஜாக் மில்லர் என்ற ஆராய்ச்சியாளர், பிறந்த சூட்டோடு சுண்டெலிக் குட்டிகளின் தைமஸை எடுத்துவிட்டுப் பார்த்தார். குட்டிகள் கிருமிகளை எதிர்க்க வக்கில்லாமல் நோஞ்சானாகிச் செத்தன. சுடுகாடு இல்லை, அதுதான் பள்ளிக்கூடம் என்று அப்புறம்தான் தெரிந்தது.

ரொம்பக் கண்டிப்பான பள்ளிக்கூடம். நூறு பேர் சேர்ந்தால் ஐந்து பேர்கூடத் தேறுவதில்லை. நம் சொந்த உடம்பையே எதிரியாக நினைக்கிறவன், எதையுமே அடையாளம் காணத் தெரியாதவன், எல்லாரும் உள்ளேயே காலி. தேறி வருகிற ஒவ்வொரு டி செல்லுக்கும் ஸ்பெஷலிஸ்ட் வேலை. இன்ன எதிரியின் இன்ன துணுக்கு வந்தால்தான் அதற்கு அடையாளம் தெரியும். ஒரு குறிப்பிட்ட கிருமியைத் தெரிந்த டி செல் லட்சத்தில் ஒன்றோ, பத்து லட்சத்தில் ஒன்றோதான் இருக்கும்.

இதில் ஒரு சங்கடம். டி செல்லால் எதிரியை நேரே போய்ப் பார்த்து அறிய முடியாது. யாராவது எதிரியைப் பிய்த்து, ஒரு துணுக்கைத் தட்டில் வைத்து எடுத்து வந்து காட்ட வேண்டும்.

அந்த யாராவதை 1973-ல் நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் கண்டுபிடித்தார்கள். ரால்ஃப் ஸ்டைன்மன் என்பவரும் அவருடைய குரு ஜான்வில் கோனும் எலியின் மண்ணீரலை மைக்ராஸ்கோப்பில் பார்த்தபோது, மரக்கிளை மாதிரி கைகால் நீட்டிக்கொண்டு ஒரு விசித்திர செல் தெரிந்தது. 'டென்ட்ரிட்டிக் செல்' என்று பெயர் வைத்தார்கள். நாம் கிளை செல் என்போம். இந்த ஆசாமிதான் அதிமுக்கியம் என்று ஸ்டைன்மன் சொன்னதை மற்றவர்கள் நம்பப் பல வருஷம் ஆயிற்று.

கிளை செல் தோலிலும் நுரையீரலிலும் குடலிலும் பீட் கான்ஸ்டபிள் மாதிரி சுற்றும். கிருமியைக் கண்டால் விழுங்கும், துண்டாக்கும், ஒரு துண்டை நெற்றியில் ஒட்டிக்கொண்டு பக்கத்து நிணநீர்க் கணுவுக்கு ஓடும். (ஜுரத்தில் கழுத்தில் நெறி கட்டுகிறதே, அந்த இடம்.) அங்கே டி செல்கள் சாயங்கால ரங்கநாதன் தெரு மாதிரி நெரிசலில் போய்க்கொண்டிருக்கும். கிளை செல் கையை நீட்டி ஒவ்வொருவரையாகத் தொட்டு, "இவனைத் தெரியுமா? உனக்கு? உனக்கு?" என்று கேட்கும்.

பெரும்பாலும் "தெரியாது ஸார்". சரியான ஆள் வந்துவிட்டால் நின்றுவிடுவான். 2004-ல் பாஸ்டனில் உயிருள்ள எலியின் நிணநீர்க் கணுவுக்குள் இதைப் படம் பிடித்தார்கள். முதலில் சில மணி நேரம் சும்மா உரசிப் பார்த்துக்கொள்கின்றன. அப்புறம் பல மணி நேரம் ஒட்டிக்கொண்டு பிரிவதே இல்லை. அப்படி என்ன பேச்சு?

* * *

"இங்கதான் சித்தப்பா சமாச்சாரமே இருக்கு" என்றேன், இரண்டாவது ஊசியன்று. ஸ்டாண்டில் மருந்து சொட்டிக்கொண்டிருந்தது. "எதிரியோட துண்டைக் காட்டினது முதல் சேதி. அது மட்டும் போதாது. டி செல்மேல சி.டி.28னு ஒரு மூலக்கூறு இருக்கு. கிளை செல்மேல பி7னு ஒண்ணு. ரெண்டும் கைகோத்தாதான் டி செல் கிளம்பும். அது ரெண்டாவது சேதி."

'எதுக்கு ரெண்டு?' என்று சலான் வந்தது.

"துண்டு நம்ம உடம்போட சொந்தத் துண்டாவும் இருந்துடலாம் இல்லியா? கிளை செல்லுக்கு நிஜமாவே கிருமி வாசனை அடிச்சாத்தான் பி7 நிறைய வெளியில வரும். முதல் சேதி 'யாரு'ன்னு சொல்லுது. ரெண்டாவது சேதி 'ஆபத்து உண்மைதான்'னு சொல்லுது."

சித்தப்பாவின் முகம் மலர்ந்து நான் ரொம்ப நாளாயிற்று பார்த்து. பெரிய எழுத்தில் எழுதினார்: 'ஜாயின்ட் கஸ்டடி!'

பேங்க்கில் இருப்பவர்களுக்குத் தெரியும். ஸ்ட்ராங் ரூமுக்கு இரண்டு சாவி. ஒன்று மேனேஜரிடம், ஒன்று ஹெட் கேஷியரிடம். ஒருவர் சாவியால் பிரம்மாவே வந்தாலும் திறக்காது. முப்பது சொச்சம் வருஷம் பேங்க்கில் இருந்தவரின் உடம்புக்குள்ளேயே அந்த ஏற்பாடு இருந்திருக்கிறது.

ஒரு சாவி மட்டும் வந்தால்? டி செல் சும்மா இருந்துவிடும் என்றுதான் நினைப்போம். 1987-ல் மார்க் ஜென்கின்ஸ், ரொனால்ட் ஷ்வார்ட்ஸ் என்ற இரண்டு அமெரிக்கர்கள் செய்த சோதனையில் வேறு மாதிரி தெரிந்தது. இரண்டாவது சேதி இல்லாமல் முதல் சேதியை மட்டும் வாங்கிய டி செல் மரத்துப்போய்விட்டது. அப்புறம் நிஜ எதிரியை முறைப்படி காட்டினாலும் அசையவில்லை. கூப்பிட்டு உட்கார வைத்து, எதற்குக் கூப்பிட்டோம் என்று சொல்லாமல் அனுப்பிவிட்டால் மனுஷனும் அப்படித்தான் ஆவான்.

சாவி விஷயத்தில் விளையாடினால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு பயங்கர உதாரணம் உண்டு. 2006 மார்ச் 13. லண்டனில் ஒரு புதிய மருந்துச் சோதனை. முதல் சாவியே தேவையில்லாமல், சி.டி.28-ஐ மட்டும் திருகி டி செல்களைக் கிளப்பிவிடுகிற மருந்து. ஆரோக்கியமான ஆறு இளைஞர்களுக்குக் கொடுத்தார்கள். இரண்டு மணி நேரத்துக்குள் ஆறு பேருக்கும் தலைவலி, நடுக்கம், ஜுரம். அன்று ராத்திரிக்குள் நுரையீரல், சிறுநீரகம் என்று ஒவ்வொன்றாகத் தகராறு. எல்லா டி செல்லும் ஒரே சமயத்தில் கூச்சல் போட்டால் வருகிற புயல் அது. ஆறு பேரும் பிழைத்தார்கள். ஒருவர் கால்விரல்களை இழந்தார். "எதிர்ப்பு சக்தியை எக்கச்சக்கமாக ஏற்றும்" என்று பாட்டில் விற்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு இந்த ஆறு பேர் ஞாபகம் வருகிறது.

முறையாகக் கையாண்டால் அதே இரண்டாவது சேதி உயிரைக் காப்பாற்றுகிறது. ரத்தப் புற்றுக்கு, நோயாளியின் டி செல்லையே வெளியே எடுத்து, புற்றை அறியும் கருவி ஒன்றைப் பொருத்தித் திருப்பி ஏற்றும் 'கார்-டி' சிகிச்சை இருக்கிறது. ஆரம்பத்தில் முதல் சேதியை மட்டும் வைத்துச் செய்தார்கள். செல்கள் உள்ளே போய்க் கொஞ்ச நாளில் காணாமல் போயின. இரண்டாவது சேதியின் பாகத்தையும் சேர்த்துத் தைத்த பிறகுதான் உடம்பில் நிலைத்து நின்று வேலை செய்தன. ஐஐடி மும்பையும் டாடா நினைவு மருத்துவமனையும் சேர்ந்து இந்தியாவிலேயே செய்த அப்படியொரு சிகிச்சைக்கு 2023 அக்டோபரில் அனுமதி கிடைத்தது.

'எனக்கு அது?' என்று சலான்.

"அது ரத்தத்துல வர்ற புற்றுக்கு சித்தப்பா."

தலையாட்டிவிட்டு ஜன்னலைப் பார்த்தார்.

* * *

இரண்டு சாவி போட்டுக் கிளப்பிவிட்டால் மட்டும் போதாது. கிளம்பினவன் உயிரோடு இருக்க வேண்டும். அதற்கு மூன்றாவது சங்கதி: இன்டர்லூக்கின் என்கிற ரசாயனக் கடிதங்கள்.

1976-ல் அமெரிக்காவின் தேசியப் புற்றுநோய் நிலையத்தில் டோரிஸ் மார்கன், ஃபிரான்சிஸ் ருஸெட்டி, ராபர்ட் காலோ ஆகியோர் ஏதோ ஒன்றைத் தேடப் போய் இன்னொன்றைக் கண்டார்கள். அதுவரை டி செல்லைக் கண்ணாடிக் குடுவையில் வளர்க்க முடியாது. சில நாளில் செத்துவிடும். கிளர்ச்சியூட்டப்பட்ட வெள்ளையணுக்கள் நீந்திய திரவத்தை ஊற்றினபோது டி செல்கள் சாகாமல் மாதக்கணக்கில் பெருகின. செல்லுக்குச் செல் அனுப்பிய ஏதோ ஒன்று அந்தத் தண்ணீரில் இருந்தது. இன்டர்லூக்கின்-2 என்று பின்னால் பெயர் வந்தது. இது கிடைத்தால் டி செல் நாளுக்கு இரண்டு மூன்று தடவை பெருகும். நிறுத்திவிட்டால் தற்கொலை செய்துகொள்ளும். யாரும் கொல்ல வேண்டாம். சேதி நின்றால் போதும்.

பேச்சு ஒருவழிப் பாதை இல்லை என்பது இன்னும் அழகு. டி செல்லில் உதவிக்காரன், கொலைகாரன் என்று இரண்டு ரகம். உதவிக்கார டி செல் கிளை செல்லைத் திருப்பித் தட்டிக்கொடுத்து, "சரியாத்தான் சொல்றே, இன்னும் உரக்கச் சொல்லு" என்று தெம்பு கொடுக்கும். அந்தத் தெம்பில்தான் கிளை செல் கொலைகார டி செல்லைத் தயார் செய்யும் என்று 1998-ல் மூன்று ஆராய்ச்சிக் குழுக்கள் ஒரே சமயத்தில் எழுதின. இந்த உதவிக்காரனைத் தேர்ந்தெடுத்து அழிக்கிற வைரஸ்தான் எச்.ஐ.வி. 1986-ல் இந்தியாவில் அதை முதலில் கண்டுபிடித்தது நம் சென்னையில்தான், டாக்டர் சுனிதி சாலமனும் அவர் மாணவி நிர்மலாவும். கொலைகாரன் இருக்கிறான், ஆயுதம் இருக்கிறது. நடுவில் பேசுகிறவன் போய்விட்டான். அவ்வளவுதான், கோட்டையே விழுந்துவிடுகிறது.

மூன்றாவது ஊசியன்று சித்தப்பா ஒரு நல்ல கேள்வி கேட்டார். 'சண்டை இல்லாதப்ப அவன் என்ன பண்ணுவான்?'

எதிரியையே பார்க்காமல் வருஷக்கணக்கில் சுற்றுகிற டி செல்கள் கோடிக்கணக்கில் இருக்கின்றன. அவற்றை உயிரோடு வைப்பது இரண்டு விஷயம். நிணநீர்க் கணுவில் இருக்கும் செல்கள் இன்டர்லூக்கின்-7 என்ற படியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கும். அதோடு, கிளை செல்கள் அவ்வப்போது நம் உடம்பின் சொந்தத் துணுக்கையே காட்டி லேசாகத் தொட்டுவிட்டுப் போகும். சண்டைக்கு அழைப்பு இல்லை, "இருக்கியாப்பா?" "இருக்கேன் ஸார்." அவ்வளவு. இந்த இரண்டும் நின்றுபோனால் அந்த டி செல் மெல்லக் கண்ணை மூடிவிடும்.

சித்தப்பா உடனே எழுதினார்: 'பென்ஷன். லைஃப் சர்டிபிகேட்.'

நான் இரண்டு பக்கத்தில் சொன்னதை இரண்டே வார்த்தையில் முடித்துவிட்டார்.

* * *

இப்போது டாக்டரின் ப்ரேக்குக்கு வருகிறேன். சண்டை முடிந்ததும் ஆட்களைத் திருப்பி அனுப்ப வேண்டும். இல்லாவிட்டால் சொந்த ஊரையே கொளுத்திவிடுவார்கள். அதற்காக டி செல்லிலேயே நிறுத்தும் பொத்தான்கள் இருக்கின்றன. ஒன்று சி.டி.எல்.ஏ.-4, பி7-ஐ சி.டி.28-க்கு முந்திப் பிடுங்கிக்கொள்ளும் போட்டிக்காரன். அதைத் தடுத்தால் எலியில் கட்டி கரைகிறது என்று 1996-ல் ஜேம்ஸ் ஆலிசன் காட்டினார். இன்னொன்று பி.டி.-1, ஜப்பானில் டசுகு ஹோன்ஜோவின் குழு 1992-ல் கண்டுபிடித்தது. 2018 நோபல் பரிசு இரண்டு பேருக்கும்.

புற்று செல் லேசுப்பட்டதா என்ன? பி.டி.-1 பொத்தானை அழுத்துகிற விரல் ஒன்றை வளர்த்துக்கொண்டு, கிட்டே வருகிற டி செல்லையெல்லாம் "ஒண்ணுமில்ல, போய்ப் படு" என்று அனுப்பிவிடுகிறது. அதுவும் பேச்சுதான். பொய்ப் பேச்சு. சித்தப்பாவுக்கு ஏறுகிற நிவோலுமாப் என்ற மருந்து, விரல் படாமல் பொத்தானை மூடி வைக்கிறது. டி செல் ஏற்கனவே கிளம்பி வந்து வாசலில் நின்றிருந்தால்தான் இதனால் பிரயோஜனம். அதனால் எல்லாருக்கும் கேட்பதில்லை.

விலையும் அநியாயம். இரண்டு வாரத்துக்கு 240 மில்லிகிராம் என்பது வழக்கமான அளவு. லட்சக் கணக்கு. டாடா நினைவு மருத்துவமனையில், தலை, கழுத்துப் புற்று முற்றிய 151 பேரிடம் ஒரு சோதனை செய்தார்கள். பாதிப் பேருக்கு மூன்று மலிவான மாத்திரைகள் மட்டும். மீதிப் பேருக்கு அதே மாத்திரைகளோடு மூன்று வாரத்துக்கு ஒரு முறை வெறும் 20 மில்லிகிராம் நிவோலுமாப். 2022-ல் முடிவை வெளியிட்டார்கள். ஒரு வருஷம் கழித்து உயிரோடு இருந்தவர்கள், மாத்திரை மட்டும் சாப்பிட்டவர்களில் நூற்றுக்கு 16. ஊசியும் போட்டுக்கொண்டவர்களில் 43.

சித்தப்பாவுக்கு அதே 20 மில்லிகிராம்தான். இந்தக் கணக்கை அவரிடம் சொல்வதா வேண்டாமா என்று ஒரு வாரம் குழம்பினேன். எண்ணிக்கையில் அவரை ஏமாற்ற முடியாது. சொன்னேன். வாங்கிக்கொண்டார். ரொம்ப நேரம் சலானில் எதையோ கூட்டிக் கழித்தார். அப்புறம் என் பக்கம் திருப்பினார்.

'16 எங்கே, 43 எங்கே. வட்டி மோசமில்லை. மீதி 57 யாருன்னு யோசிச்சா தூக்கம் வராது. யோசிக்கலை.'

பேச்சை மாற்ற ஸ்டைன்மன் கதையைச் சொன்னேன். கிளை செல்லைக் கண்டுபிடித்தவருக்கு 2007-ல் கணையத்தில் புற்று வந்தது. தன் கிளை செல்களையே எடுத்து, தன் கட்டியின் துணுக்கைக் காட்டிப் பழக்கி, தன் உடம்பிலேயே ஏற்றிக்கொண்டார். நாலரை வருஷம் இருந்தார். அந்தச் செல்கள்தான் காரணமா என்று ஒரே ஆளை வைத்துச் சொல்ல முடியாது. 2011 அக்டோபர் 3, திங்கட்கிழமை அவருக்கு நோபல் பரிசு அறிவித்தார்கள். அவர் செப்டம்பர் 30, வெள்ளிக்கிழமையே போய்விட்டார். கமிட்டிக்குத் தெரியாது. இறந்தவர்களுக்குக் கொடுப்பதில்லை என்பது விதி. உயிரோடு இருக்கிறார் என்று நம்பித்தானே அறிவித்தோம், பரிசு பரிசுதான் என்று முடிவு செய்தார்கள்.

சித்தப்பாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தோள் குலுங்கியது. நர்ஸ் ஓடி வந்து பார்த்துவிட்டுப் போனார். சலான்: 'லைஃப் சர்டிபிகேட் வாங்காம சாங்ஷன் பண்ணிட்டாங்க!'

பேசிக்கொண்டிருந்தால் புற்று குணமாகும் என்று நான் எழுத மாட்டேன். ஆகாது. செல்களின் பேச்சு வேறு, நம் பேச்சு வேறு. குணமானால் அது மருந்தாலும், அவர் டி செல்களின் ஜாதகத்தாலும்தான். அடுத்த மாதம் ஸ்கேன். அதுவரை யாருக்கும் எதுவும் தெரியாது.

போன வாரம் நாலாவது ஊசி. கிளம்பும்போது ஆட்டோவில் ஒரு சலான் கொடுத்தார்.

'நவம்பர் வருது. லைஃப் சர்டிபிகேட் கொடுக்கணும். பேங்க்குக்குக் கூட்டிட்டுப் போ.'

"இப்பல்லாம் அலைய வேண்டாம் சித்தப்பா. மொபைல்ல மூஞ்சியைக் காட்டினா போதும். வீட்டுலயே முடிச்சுடலாம்."

சலானைப் பிடுங்கி, அதன் கீழேயே எழுதினார்.

'மொபைல் மூஞ்சியைப் பார்க்கும். எப்படி இருக்கீங்கன்னு கேக்காது. நேர்ல போகணும்.'

நவம்பரில் ஒரு நாள் லீவு வேண்டும் என்று மேனேஜரிடம் இப்போதே சொல்லி வைத்திருக்கிறேன். காரணம்: சொந்த வேலை.